வாடகை ஜேசிபி: வேலை சுத்தம், பில்தான் வில்லங்கம்

சேலம் கன்னங்குறிச்சியில் வீட்டுக் கடைக்காலுக்கும் செப்டிக் டேங்க் குழிக்கும் உள்ளூரிலேயே ஒருவரிடம் ஜேசிபி எடுத்தோம். வண்டி 3டிஎக்ஸ் மாடல்; பின்னால் தோண்டும் கை, முன்னால் அள்ளும் பக்கெட். ஆபரேட்டர் தம்பி கில்லாடி. பின்கால்கள் இரண்டையும் அழுத்தி ஊன்றி, வண்டி ஆடாமல் நின்ற பிறகுதான் பின்கையை நீட்டினார். சுண்ணாம்புக் கோட்டை விட்டு பக்கெட் பல் விலகவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய் அருகே வந்ததும் நிறுத்தி, மண்வெட்டியால் தோண்டச் சொல்லிவிட்டார்.

பின்கை சுமார் 15 அடி ஆழம் போகும். நமக்கு அதில் பாதி போதும். அள்ளிய மண்ணை முன் பக்கெட்டால் அதே வண்டி டிராக்டரில் கொட்டிவிடும். டயர் வண்டி, லாரியில் ஏற்றிவரும் செலவும் மிச்சம். ஆனால் சேர்வராயன் மலை அடிவாரமாயிற்றே, ஒரு மூலையில் பாறை தட்டியது. அங்கே பக்கெட் சும்மா சுரண்டியதுதான் மிச்சம். பாறை உடைக்கும் பிரேக்கர் வண்டிக்குத் தனி வாடகை.

குறை ஓனரிடம்தான். இன்ஜின் ஓடும் நேரத்தைக் காட்டும் மீட்டர்படி வாடகை என்று பேசிவிட்டு, வந்து போன நேரத்தையும் சேர்த்தார். டீ குடிக்கும்போதும் இன்ஜின் ஓடியது. பேட்டா வேறு. வண்டி மனைக்குள் வந்ததும் மீட்டரைப் போட்டோ எடுத்துவிடுங்கள். ஆபரேட்டருக்கு நாலரை ஸ்டார், ஓனருக்கு ஒன்று.