எட்டு வருடம் புழங்கிய ஹால்: எது நிலைத்தது, எது போனது

தாம்பரம் பக்கத்தில் இந்த ஃபிளாட்டுக்கு 2017 ஜூனில் குடிவந்தோம். முதல் மாடி. வாசற்கதவைத் திறந்தால் நீளமாக ஒரே ஹால்: 21 அடி நீளம், ஒன்பதரை அடி அகலம். முன்பாதி உட்காரும் இடம். பின்பாதியில் சாப்பாட்டு மேசை, பக்கத்தில் வாஷ் பேசின், அதைத் தாண்டினால் சமையலறை வாசல். சென்னையில் ஃபிளாட்டில் இருக்கும் நிறையப் பேருக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான். வீட்டில் ஐந்து பேர்: நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், என் மாமியார். கடையில் பளபளவென்று நிற்கும் சாமான் நாலாவது வருடம் எப்படி இருக்கும் என்று வாங்கும்போது எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. அதனால் புழங்கிப் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் சோபா. எல் வடிவம், கரும்பழுப்பு ரெக்ஸின், 46,000 ரூபாய். முதல் இரண்டு வருடம் குறையே தெரியவில்லை. மூன்றாவது கோடையில் தலை சாயும் இடத்தில் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், வியர்வை, இந்த ஊரின் ஈரக்காற்று எல்லாம் சேர்ந்தால் அந்த மேல்பூச்சு தாங்குவதில்லை. பிள்ளைகள் எழுந்து போனால் முதுகெல்லாம் பழுப்புத் துணுக்கு. கடையில் கேட்டோம். "மரச்சட்டத்துக்கு மட்டும்தான் மேடம் வாரண்டி, மேல் துணிக்குக் கிடையாது" என்றார்கள்.

உரிந்தது கூடப் பெரிதில்லை. அந்த சோபாவின் இருக்கை தரையிலிருந்து 15 அங்குலம்தான், உள்ளே ஆழமும் அதிகம். முட்டிவலி உள்ளவர்கள் அதில் உட்கார்ந்தால் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அத்தை ஒன்றும் சொல்லாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்காருவார். அவருக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நானாகக் கேட்டபோதுதான், "அதுல உக்காந்தா எழுந்திருக்க முடியலம்மா, உன்னை எத்தனை தடவை கூப்பிடறது" என்றார். சொந்த வீட்டு ஹாலில் மூன்று வருடம் அப்படி உட்கார்ந்திருந்திருக்கிறார். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

2020 கடைசியில் அந்த சோபாவைக் கொடுத்துவிட்டு, தேக்குச் சட்டத்தில் மூவர் உட்காரும் சோபா ஒன்றும், ஜன்னலோரம் ஒரு திவானும், அத்தைக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றும் ஆசாரியிடம் சொல்லிச் செய்தோம். எல்லா இருக்கையும் 18 அங்குல உயரம், மெத்தை தனியாகக் கழற்றும்படி. மெத்தை வாங்கும்போது அழுத்திப் பார்த்து ஏமாற வேண்டாம், டென்சிட்டி என்ன என்று கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதுதான் அந்த எண். பழைய சோபாவில் இருந்தது 28, நடுவில் குழி விழுந்துவிட்டது. இப்போது இருப்பது 40, ஐந்து வருடம் ஆகியும் அப்படியே இருக்கிறது. உறையெல்லாம் பருத்தி. மாதம் ஒருமுறை கழற்றித் துவைக்கிறேன். வெளுத்துப்போனதால் இதுவரை ஒருமுறைதான் மாற்றினேன்.

அடுத்து சாப்பாட்டு மேசை. இதில்தான் நாங்கள் அதிகம் தடுமாறினோம். முதலில் வாங்கியது ஐந்துக்கு மூன்று அடி, ஆறு நாற்காலி, கண்ணாடி மேல்தளம். ஹாலின் அகலம் 114 அங்குலம். நடுவில் 36 அங்குல மேசையைப் போட்டால் இரண்டு பக்கமும் 39 அங்குலம் மிஞ்சும். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் 24 அங்குலம் போய்விடும். மீதி 15 அங்குலத்தில், கொதிக்கும் ரசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது நடக்க முடியுமா? ஒவ்வொரு வேளையும் யாராவது நாற்காலியை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைக்குப் போகும் முன் பழைய நியூஸ் பேப்பரை மேசை அளவுக்கு வெட்டித் தரையில் விரித்து, ஒரு நாற்காலியைப் போட்டு, பின்னால் நடந்து பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும்.

கண்ணாடியும் எங்களுக்குச் சரிப்படவில்லை. எவர்சில்வர் தட்டை வைத்தால் ணங்கென்று சத்தம். துடைத்து நிமிர்வதற்குள் கைரேகை. 2020ல் பள்ளிக்கூடம் முழுக்க ஆன்லைனுக்கு வந்தபோது அதே மேசைதான் வகுப்பறை. ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுப் பிள்ளைகள் கண்ணைக் கூசவைத்தது. மேலே ஜமக்காளத்தை விரித்துச் சமாளித்தோம்.

இப்போது இருப்பது நாலுக்கு இரண்டரை அடி மர மேசை. சுவரை ஒட்டி 18 அங்குல அகலத்தில் ஒரு பெஞ்சு, அதை ஒட்டி மேசை, எதிர்ப்பக்கம் இரண்டு நாற்காலி, தலைமாட்டில் ஒன்று. பெஞ்சைப் பின்னால் இழுக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் விஷயம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 18ம் 30ம் 24ம் போனாலும் நடக்க 42 அங்குலம் கிடைக்கிறது, மூன்றரை அடி! பெஞ்சின் பலகையைத் தூக்கினால் உள்ளே பெட்டி. விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் தாம்பாளங்களும் பெரிய அண்டாவும் அங்கே போய்விட்டன. குறையும் உண்டு. பெஞ்சின் உள்பக்கம் உட்கார்ந்தவர் எழ வேண்டுமானால் அடுத்தவர் எழுந்து வழிவிட வேண்டும். சாய்ந்து உட்காரவும் வசதி போதாது, சுவரில் திண்டு வைத்திருக்கிறோம். மரத்தில் சூடான பாத்திரத்தை நேரே வைத்தால் வெள்ளை வளையம் விழும். பிரிமணை நாலு வாங்கி மேசையிலேயே வைத்தபிறகு அந்தத் தொல்லை இல்லை.

வாஷ் பேசினுக்குக் கீழே அழகாக இருக்கட்டும் என்று பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூளைப் பசை சேர்த்து அழுத்திய பலகை) அலமாரி வைத்தது பெரிய தப்பு. இரண்டே மழைக்காலத்தில் அடிப்பக்கம் ரொட்டி மாதிரி ஊறிவிட்டது. ஆசாரி வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் புழங்கும் இடத்தில் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் முத்திரை போட்ட பிளைவுட்தான் போட வேண்டும், ஐஎஸ் 303 சாதாரண இடத்துக்கு என்றார். கடைசியில் அலமாரியே வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். கீழே பெருக்கித் துடைக்க முடிகிறது, கரப்பான் தொல்லையும் குறைந்தது.

விளக்கில் ஒரு சின்ன மாற்றம், ஆனால் பலன் அதிகம். பல்பு அட்டையில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும்: எண் குறைந்தால் வெளிச்சம் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. முன்பு ஹால் முழுக்க 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம். சாம்பார்கூட வெளிறித் தெரியும். இப்போது உட்காரும் இடத்தில் 3000, மேசை பக்கம் வீட்டுப்பாடமும் நடப்பதால் 4000, தனித்தனி சுவிட்ச். மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு மாட்டினோம். ஃபேன் காற்றில் அது ஆடி நிழலும் சேர்ந்து ஆடியது. நம் ஊரில் ஃபேன் இல்லாமல் சாப்பிட முடியாது, அதனால் விளக்குதான் சுவருக்குப் போனது.

கல்யாணத்துக்கு வந்த தஞ்சாவூர் ஓவியத்தை முதலில் வெளிச்சுவரில் மாட்டியிருந்தோம். மழையில் அந்தச் சுவர் ஓதம் காத்தது. மரப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடிப் பூச்சின் மேல் தங்க ரேக்கு பதிக்கும் வேலை அது. ஈரம் பட்டால் பூச்சு விட்டுப்போகும். பின்பக்கம் லேசாகப் பூத்ததுமே பார்த்து உள்சுவருக்கு மாற்றினோம், தப்பித்தது.

டீப்பாயை எடுத்தது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சோபாவுக்கு முன் இப்போது எட்டடிக்கு எட்டடி வெறும் தரை. பவானி ஜமக்காளம் இரண்டு சுருட்டி திவானுக்கு அடியில் இருக்கும். நவராத்திரிக்கு ஐந்து படி கொலு அந்த இடத்தில்தான், எதையும் நகர்த்தாமல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. கீழ்வீட்டு இரண்டு குடும்பமும் மேலே வந்துவிட்டார்கள். மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கஞ்சியும் துவையலும் வைத்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம், பதினொரு பேர் அந்த ஹாலிலேயே படுத்தோம். பழைய எல் சோபாவும் டீப்பாயும் இருந்திருந்தால் நாலு பேருக்குக்கூட இடம் இருந்திருக்காது.

அத்தையின் நாற்காலி இப்போது ஜன்னலுக்கும் மேசைக்கும் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து வாசலும் தெரியும், டிவியும் தெரியும், அடுப்படியில் நிற்கும் என்னோடும் பேசலாம். காலையில் கீரை ஆய்வது அங்கேதான்.

பாக்கி ஒரு வேலை இருக்கிறது. பெஞ்சின் பலகை தடாலென்று மூடிக்கொள்கிறது, போன வாரம் சின்னவன் விரல் மயிரிழையில் தப்பியது. மெதுவாக இறங்கும் கீல் மாட்டித் தருவதாக ஆசாரி அண்ணா சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அதுவரை அண்டாவை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பெஞ்சைத் திறக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.