காஸ்ட் இண்டெக்ஸோடு பல வருடங்கள்: ஏ320 காக்பிட்டிலிருந்து

விமானம் என்ன வேகத்தில் போக வேண்டும் என்பதை விமானிதான் முடிவு செய்கிறார் என்று பலரும் நினைக்கிறார்கள். ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ320 விமானம் ஓட்டும் எங்களைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை. கிளம்புவதற்கு முன் எம்சிடியூ என்கிற சின்னத் திரையில் காஸ்ட் இண்டெக்ஸ் என்ற கட்டத்தில் ஓர் எண்ணைத் தட்டுகிறோம். 0 முதல் 999 வரை ஏற்றுக்கொள்ளும். எண் கம்பெனி கொடுத்தது. மேலேறுவது, நேராகப் பறப்பது, இறங்குவது மூன்றுக்கும் அதை வைத்தே விமானத்தின் கணினி வேகம் போட்டுவிடும். பல வருடமாக இதோடு புழங்கியதில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

இந்த எண் எரிபொருளுக்கும் நேரத்துக்கும் நடுவில் வைத்த விலை. ஏர்பஸ்ஸில் இதன் அளவு நிமிடத்துக்கு எத்தனை கிலோ என்பது. 20 என்று போட்டால், ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்க 20 கிலோ எரிபொருள் வரை கொடுக்கலாம், அதற்கு மேல் கொடுத்தால் நஷ்டம் என்று பொருள். பறக்கும் மணிக்கணக்கில் போகும் ஊழியர் சம்பளம், பராமரிப்புச் செலவு எல்லாம் நேரத்தின் கணக்கில் வரும். 0 போட்டால் எரிபொருள் மட்டுமே முக்கியம். 999 போட்டால் நேரம் மட்டுமே. அப்போது விமானம் தன் உச்ச வரம்பான மாக் 0.82-ஐ, அதாவது ஒலியின் வேகத்தில் 0.82 பங்கை, நெருங்கப் பார்க்கும்.

சென்னை–டெல்லி சுமார் 950 கடல் மைல். ஏறுவதையும் இறங்குவதையும் கழித்தால், நேராகப் பறப்பது ஏறக்குறைய 700. 35,000 அடியில் மாக் 0.76 என்றால் 438 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்), 0.80 என்றால் 461 நாட். காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் ஐந்து நிமிடம்கூட இல்லை! அந்த ஐந்து நிமிடத்துக்காக காற்றின் இழுவிசை சட்டென்று ஏறும் இடத்துக்கு விமானத்தைத் தள்ளுகிறோம். அப்புறம் டெல்லி நெருங்கும்போது ஏடிசி என்கிற வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையம் நான்கு நிமிடச் சுற்று ஒன்று அடிக்க வைத்தால், பிடித்த நேரம் போச்சு. அந்தச் சுற்றிலும் இரண்டு இன்ஜினும் சேர்ந்து நிமிடத்துக்கு 35, 40 கிலோ குடித்துக்கொண்டிருக்கும். தாமதமாகக் கிளம்பினால் வேகமாக ஓட்டிச் சரிக்கட்டிவிடலாம் என்று பயணிகள் நம்புகிறார்கள். எங்களிலும் சிலர் நம்புகிறார்கள். நான் நம்புவதில்லை. நேரத்தைத் தரையில்தான் பிடிக்க முடியும்: கதவை நேரத்துக்கு மூடுவதில், நல்ல ஓடுபாதை கிடைப்பதில், ஏடிசி நேர்வழி கொடுப்பதில்.

எனக்கு ரொம்பப் பிடித்தது காற்றை இது கையாளும் விதம். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே ஜெட் காற்று 100 நாட்டைத் தாண்டி அடிக்கும். கொல்கத்தாவிலிருந்து டெல்லி போகும்போது அது முகத்தில் அடிக்கிறது. கணினி வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும். எதிர்காற்றில் மெதுவாகப் போனால் அதில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம் கூடும், எரிபொருளும் கூடும். திரும்பி வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு போவதால் வேகத்தைக் குறைக்கும். இதையெல்லாம் மனக்கணக்கில் போட யாராலும் முடியாது. ஆனால் காற்றுக் கணிப்பை ஒவ்வொரு உயரத்துக்கும் ஒழுங்காக உள்ளே போட்டிருக்க வேண்டும். அதில் சோம்பல் பட்டால் எண் சரியாக இருந்தும் பயனில்லை.

இறங்கும்போதும் எண் சின்னதாக இருந்தால் நல்லது. சீக்கிரமே இறங்கத் தொடங்கி, இன்ஜின் ஐடிலில், அதாவது குறைந்தபட்ச விசையில், மெதுவாகச் சரிந்து வரும். மேலே குலுங்கினாலும் வசதிதான்: ஏ320-க்குக் குலுக்கலில் சொல்லப்பட்ட மாக் 0.76-ஐ ஒட்டியே ஏற்கெனவே போய்க்கொண்டிருப்போம். மற்றபடி ஏடிசி ஒரு வேகம் சொன்னால், வேகக் குமிழை இழுத்து அதை வைத்துவிட்டு இருக்க வேண்டியதுதான். ஏடிசி விடுவித்ததும் குமிழை அழுத்தினால் வேகம் காட்டும் ஜன்னலில் எண் மறைந்து, மூன்று கோடும் ஒரு வெள்ளைப் புள்ளியும் வரும். வேகம் மறுபடி கணினியிடம் போய்விட்டது. அழுத்த மறந்து பழைய வேகத்திலேயே போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதைக்கும்.

குறை என்றால் எண்ணில் இல்லை, அதை வைத்திருக்கும் விதத்தில்தான். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட சமயத்தில் பல நிறுவனங்கள் விமானங்களை மெதுவாக ஓட்டத் தொடங்கின. விலை மாறினால் வேகமும் மாற வேண்டும் என்பதுதானே இதன் அடிப்படை? நம் நாட்டில் விமான எரிபொருளுக்கு ஜிஎஸ்டி கிடையாது; மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி மாறும், அதனால் ஒரே நாளில் ஊருக்கு ஊர் விலை வேறு. வரி குறைந்த ஊரில் கூடுதலாக நிரப்பிக்கொண்டு போவதும் வழக்கம்தான். அப்படி நிரப்பிய எரிபொருளுக்கு ஒரு எண், விலை கூடின ஊரில் நிரப்பியதற்கு இன்னொரு எண் என்று இருப்பதுதான் நியாயம். ஆனால் நான் பார்த்தவரை எல்லாத் தடத்துக்கும் ஒரே எண் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி எண்ணெய் நிறுவனங்கள் விலையை மாற்றுகின்றன. அன்றைக்கே திட்டமிடும் பிரிவில் ஒருவர் உட்கார்ந்து, தடவாரியாக இந்த எண்ணையும் மாற்றித் தந்தால் போதும், நாங்கள் தட்டிக்கொள்கிறோம்.