கேமுக்கு இசை போடுகிறவர்களே, முழுப் பணம் வராமல் ஃபைலைக் கொடுக்காதீர்கள்

38,000 ரூபாய் பாக்கி. அதைத் தர வேண்டிய கேம் ஸ்டுடியோ ஓனர் இன்று காலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். புதுச்சேரி, கடலூர் பக்கம் வீட்டு அறையில் ஒரு கம்ப்யூட்டரும் கீபோர்டும் வைத்துக்கொண்டு இசை செய்கிற பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறீர்கள், உங்களிடமும் இவர்கள் வருவார்கள், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பெயர் சொல்லவில்லை. சென்னையில் உள்ள சின்ன கேம் ஸ்டுடியோ, ஒரு ஃப்ரீலான்ஸ் தளம் வழியாக என்னைப் பிடித்தார்கள். கோயில், கோட்டை என்று போகும் சண்டை கேம். அக்டோபரில் நடக்கும் ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டுக்கு (ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடை நடத்தும் டெமோ விழா) டெமோ தயாராக வேண்டும், பத்து நாளில் மொத்த இசையும் வேண்டும் என்றார்கள். பேசியது 45,000.

முதல் வீடியோ காலிலேயே அந்த ஸ்டுடியோ ஓனர், "தம்பி, நானும் கடலூர்க்காரன்தான், மஞ்சக்குப்பத்துலதான் படிச்சேன்" என்றார். சில்வர் பீச், தென்பெண்ணை வெள்ளம், எல்லாம் பேசினார். அதைவிட முக்கியம், அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. என் பழைய டிராக் ஒன்றைக் கேட்டுவிட்டு, லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துண்டு, முதலுக்குத் திரும்புகிற இடத்தில் ரிவெர்ப் வால் (ஒலி நின்றபிறகும் நீளும் எதிரொலி) அறுந்துபோகாமல் எப்படிச் செய்தாய் என்று கேட்டார். இதுவரை எந்த கிளையண்டும் என்னிடம் அதைக் கேட்டதில்லை! அப்புறம், "தளத்துக்கு ஏன் கமிஷன் அழணும், நேரா எங்கிட்ட வேலை செய், அந்தக் காசும் உனக்கே" என்று சொல்லிவிட்டு, கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே 7,000 ஜிபே செய்தார். ஊர்க்காரர், வேலை தெரிந்தவர், கையோடு அட்வான்ஸ் கொடுக்கிறார். யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள்.

வேலை என்ன சாதாரணமா? ஒவ்வொரு சண்டைக்கும் மூன்று அடுக்கு கேட்டார்கள். எதிரி தூரத்தில் இருந்தால் தம்பூரா மாதிரி ஒரு ட்ரோன் மட்டும், கிட்டே வந்தால் தவில் சேர வேண்டும், அடிதடி தொடங்கினால் நாயனம். மூன்றும் ஒரே டெம்போ, ஒரே நீளம், எந்த நொடியில் எது சேர்ந்தாலும் பிசிறக் கூடாது. 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தட்டு) 16 பார் (ஒரு பாருக்கு நாலு தட்டு) என்றால் சரியாக 32 விநாடி, அதில் ஒரு துளி கூடினாலும் இரண்டாவது சுற்றிலேயே காது கண்டுபிடித்துவிடும். எம்பி3-யில் கொடுத்தால் தலையிலும் வாலிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொண்டு லூப் தடுக்கும் என்பதால், எல்லாவற்றையும் வேவ் ஆகவும் ஓஜிஜி ஆகவும் தனித்தனியாக எடுத்தேன். கம்ப்யூட்டரில் ரெடிமேடாகக் கிடைக்கும் சாம்பிள் நாயனம் வேண்டாம் என்று திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணனை அழைத்து வாசிக்கச் சொன்னேன். அவர் நாயனத்தின் சுருதி இரண்டு கட்டை, கீபோர்டில் டி. அதை வளைக்க முடியாது, அதனால் நான் கம்ப்யூட்டரில் செய்து வைத்திருந்த சிந்த் ஒலி அத்தனையையும் டி சுருதிக்கு மாற்றினேன். முகூர்த்த நாளில் இன்னொரு கச்சேரியை விட்டுவிட்டு வந்தவருக்கு என் கையில் இருந்து சம்பளம் கொடுத்தேன், கடன் வைக்க மனசு வரவில்லை. இடையில் கரண்ட் போய் ரெண்டரிங் (ஃபைலாக எடுக்கும் வேலை) பாதியில் நின்றது தனிக்கதை.

கெடுவுக்கு முந்தின இரவே எல்லா ஃபைலும் போய்ச் சேர்ந்தது. "சூப்பர் தம்பி, தீ" என்று பதில் வந்தது. பணம் மட்டும் வரவில்லை.

முதலில் அக்கவுண்ட்ஸில் இருக்கு என்றார். அப்புறம் இன்வாய்ஸில் பான் நம்பர் இல்லை என்றார், இருந்தது, முதல் வரியிலேயே இருந்தது. அப்புறம் பப்ளிஷர் இன்னும் பணம் ரிலீஸ் பண்ணலை. அப்புறம் வீட்டில் விசேஷம். அதற்கப்புறம் நீல டிக் மட்டும். அந்த ஃப்ரீலான்ஸ் தளத்துக்கு எழுதினால், தளத்துக்கு வெளியே நடந்த வேலைக்கு எங்களால் எதுவும் செய்ய முடியாது என்று இரண்டு வரி. போன வாரம் அவர் உதவியாளர் என்று ஒரு பெண் பேசினார்: "உங்க மியூசிக் செட் ஆகலை சார், நாங்க யூஸ் பண்ணலை, அதனால பேமெண்ட் வராது."

யூஸ் பண்ணவில்லையாம். நேற்று அவர்கள் போட்ட டிரெய்லரில் அந்த நாயனம் ஒலிக்கிறது. அண்ணன் மேல் சட்ஜமத்துக்குப் போகும் முன் மூச்சு இழுக்கிற சத்தத்தைக்கூட நான் வெட்டாமல் விட்டிருந்தேன், அந்த மூச்சு அப்படியே இருக்கிறது. லிங்க்கை அனுப்பி இது என்ன என்று கேட்டேன். அதற்குத்தான் இன்று பிளாக். 38,000 ரூபாய் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை, எனக்கு மூன்று மாத வாடகை.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முழுப் பணம் வரும்வரை நடுநடுவே பீப் ஒலி போட்ட சாம்பிளை மட்டும் அனுப்புங்கள், ஸ்டெம் ஃபைல் (ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக உள்ள ஃபைல்) கூடவே கூடாது. 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 19-ஆம் பிரிவின்படி, நீங்கள் எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் உரிமை மாற்றிக் கொடுத்ததாக ஆகாது. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, அந்த இசை இன்னும் என்னுடையது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், வேலை எடுப்பதற்கு முன்பே செய்துவையுங்கள், சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தால் புகார் கொடுக்க வழி இருக்கிறது. அவர்களோடு பேசிய மெசேஜ்களை அழிக்காதீர்கள். புராஜெக்ட் ஃபைலைத் தேதியோடு வையுங்கள்.

திங்கட்கிழமை வக்கீல் நோட்டீஸ் போகிறது, டிரெய்லரை இறக்கச் சொல்லியும் புகார் போடுகிறேன். மஞ்சக்குப்பத்தில் படித்தேன் என்று சொல்லிக்கொண்டு யாராவது உங்களிடம் அவசரமாக கேம் இசை கேட்டிருந்தால், பணம் வந்தாலும் வராவிட்டாலும், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.