முப்பது டாலரை யார் மீட்டுத் தருவார்?

அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஏமாற்றிச் சிறு தொகை பறித்தால் மூன்று வழிகள் உண்டு: நுகர்வோரைக் காக்கும் மத்திய அமைப்பான கூட்டாட்சி வர்த்தக ஆணையம், பாதிக்கப்பட்ட எல்லோருக்குமாகத் தனியார் வழக்கறிஞர்கள் தொடுக்கும் கூட்டு வழக்கு, மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல். என் வாக்கு மூன்றாவதற்கே. வருமான வரிக்கணக்குத் தாக்கல் செய்ய உதவும் டர்போடாக்ஸ் மென்பொருள் விவகாரம் அதற்குச் சான்று.

'இலவசம்' என்ற சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்ன விளம்பரங்களை நம்பி மக்கள் அந்த மென்பொருளுக்குள் போனார்கள். சம்பளம், பிடித்தம் என்று எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு, கட்டணப் பதிப்புக்கு மாறினால்தான் தாக்கல் செய்யலாம் என்று திரை சொன்னது. வரித்துறை ஏற்பாட்டில் உண்மையிலேயே இலவசமாகத் தாக்கல் செய்யத் தகுதி பெற்றவர்களும் காசு கட்டினார்கள் என்பதுதான் கொடுமை.

கூட்டு வழக்கு வாசலிலேயே நின்றுவிட்டது. தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல், தனித்தனியாகத் தனியார் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று பயனர் ஒப்பந்தத்தில் நிபந்தனை. அத்தகைய நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் கான்செப்சியன் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டர்போடாக்ஸ் பயனர்களையும் நடுவரிடமே அனுப்பியது. முப்பது டாலருக்காக எத்தனை பேர் அலைவார்கள்?

ஆணையத்தின் அதிகாரம் நாடு முழுவதும் செல்லும். 2024 ஜனவரியில் அந்த 'இலவச' விளம்பரங்களுக்கு எதிராக உத்தரவும் போட்டது. ஆனால் அதில் மக்களுக்குப் பணம் இல்லை. ஆணையம் வழக்கமாகக் கையாண்ட, அதன் சட்டத்தின் 13(பி) பிரிவின்கீழ் இழப்பீடு பெற முடியாது என்று 2021இலேயே உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பணத்தை மீட்க ஆணையத்துக்கு மிச்சமிருப்பது சுற்றுவழி.

அட்டர்னி ஜெனரலோ அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அல்ல. நடுவர் நிபந்தனை அவரைக் கட்டாது. 43 மாநிலங்களில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவி இது. நியூயார்க்கின் லெட்டிஷியா ஜேம்ஸ் முன்னின்று நடத்த, 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் சேர்ந்து 2022 மே மாதம் 14.1 கோடி டாலருக்கு உடன்பாடு கண்டன. நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் சுமார் 44 லட்சம் பேருக்கு, ஒரு படிவம்கூட நிரப்பாமலே, 2023இல் காசோலை வீடு தேடி வந்தது. பெரும்பாலோருக்குத் தலா முப்பது டாலர் அளவில்.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் சட்டத்தின் வலு மாறுகிறது. வாக்கு கேட்கும் பதவி என்பதால் அரசியலும் நுழைகிறது. கிடைக்கும் பணம் சரியான இடத்துக்குப் போகும் என்ற உறுதியும் இல்லை. 1998இல் புகையிலை நிறுவனங்களுடன் 46 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் செய்த உடன்பாட்டின் மதிப்பு, முதல் 25 ஆண்டுகளுக்கு 20,600 கோடி டாலர். அதை எதற்குச் செலவிட வேண்டும் என்று உடன்பாடு கட்டாயப்படுத்தவில்லை. புகைப்பழக்கத் தடுப்புக்குப் போனது சொற்பம். பெரும்பகுதி மாநிலங்களின் வேறு செலவுகளில் கரைந்துபோனது.