காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ‘பேக்கேஜ்’ பேசும் வேன்கள்: உஷார்

குடும்பத்தோடு ரயிலில் வந்து ஒரே நாளில் வேலூரைச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள், காட்பாடி ஸ்டேஷன் வாசலில் “கோட்டை, பொற்கோயில் ரெண்டும் சேர்த்து ஒரே ரேட்டு” என்று வருகிறவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். போன ஞாயிறு எங்களுக்கு நடந்தது இது.

அரக்கோணத்திலிருந்து நான், வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகள் இருவர். பெரியவனுக்குப் பாடத்தில் 1806 வேலூர்ப் புரட்சி வந்திருக்கிறது. கோட்டையைக் காட்டத்தான் கிளம்பினோம். வெளியே வந்ததுமே ஒரு வேன்காரர் மாமியார் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். 1,500 ரூபாய், சாயங்காலம் ஸ்டேஷனில் கொண்டுவந்து விடுவதும் அதில் அடக்கம் என்று பேச்சு.

வண்டி கிளம்பியதும் பேச்சு மாறியது. “கோட்டைல இன்னா கீதும்மா, வெறும் மதிலு. பொற்கோயில் மத்தியானம் சாத்திடுவாங்க, மொதல்ல அங்க போயிடலாம்.” அது பச்சைப் பொய். பொற்கோயில் இருக்கும் ஸ்ரீபுரத்தில் காலையிலிருந்து இரவு வரை தரிசனம் உண்டு. வழியில் ஒரு புடவைக் கடை வாசலில் வேறு நிறுத்தினார். ஒன்றும் வாங்காமல் வந்தோம். அதற்குப் பிறகு மனுஷன் முகம் கொடுத்தே பேசவில்லை.

ஸ்ரீபுரத்துக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நட்சத்திர வடிவப் பாதையில் மாமியாரை மெதுவாக நடத்திக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தால் வண்டியைக் காணோம். எங்கள் புளிசாதமும் அதிலேயே போய்விட்டது! போன் போட்டால் “தோ வந்துட்டேன்”. ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றோம். இடையில் வேறு சவாரி அடித்திருக்கிறார்: பின் சீட்டெல்லாம் முறுக்குத் தூள், எங்கள் சாப்பாட்டுப் பையின் மேல் செருப்புத் தடம்.

கோட்டை வாசலில் இறக்கிவிட்டு 2,600 கேட்டார். ஸ்ரீபுரம் ஊருக்கு வெளியே இருப்பதால் அது தனியாம், பார்க்கிங் தனியாம், வெயிட்டிங் சார்ஜ் தனியாம். காத்துக்கிடந்தது நாங்கள், வெயிட்டிங் சார்ஜ் அவருக்கு! பை டிக்கியில் இருக்கிறது, அதைத் திறக்க மாட்டேன் என்கிறார். கூட்டம் கூடியதும் 2,200க்கு இறங்கினார். ஸ்டேஷனில் விடுகிற பேச்சே இல்லை.

அதற்குள் கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்தைப் பூட்டிவிட்டார்கள். அங்கேயே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களை மட்டும் பார்த்தோம். திப்புவின் குடும்பத்தையும் கண்டியின் கடைசி ராஜாவையும் சிறைவைத்த இடம், 1857க்கு அரை நூற்றாண்டு முன்பே வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிப்பாய்கள் எழுந்த இடம். வேன்காரருக்கு அது வெறும் மதிலாம். பையன் அகழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

இவ்வளவுக்கும் ஸ்டேஷனிலிருந்து வேலூருக்கு டவுன் பஸ் அடிக்கடி ஓடுகிறது. மகளிர் இலவசப் பஸ்ஸில் ஏறினால் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பக்கத்திலேயே கோட்டை, உள்ளே போகக் காசும் இல்லை. அங்கிருந்து ஸ்ரீபுரத்துக்கும் பஸ் உண்டு. வண்டிதான் வேண்டுமென்றால் போகிற இடங்களையும் தொகையையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுங்கள், பையை வண்டியில் விடாதீர்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலை மத்தியானம் சாத்துவார்கள், அதனால் காலையிலேயே கோட்டையை முடித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், மியூசியத்துக்கு அன்று லீவு.