அப்பர்பவுண்டுக்குப் பெயர் வைத்தது யார்?

போன வாரம் நண்பன் கேட்டான்: "ஸ்பார்க்கை நேரா போஸ்ட்கிரெஸ்ல மாட்டினா தாங்குமாடா?" ஸ்பார்க் என்பது பெரிய டேட்டாவைப் பல கணினிகளில் பிரித்து அலசும் கருவி, போஸ்ட்கிரெஸ் ஒரு டேட்டாபேஸ். நான்கு வருடமாக நான் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அன்றிருந்த கடுப்பில், "அந்தப் பேச்சையே எடுக்காதே" என்று வைத்துவிட்டேன். காரணம், முந்தைய நாள் ராத்திரி.

இணைப்பதில் வித்தை ஒன்றுமில்லை. ஜேடிபிசி ஜாரை (டேட்டாபேஸோடு பேச வைக்கும் டிரைவர் கோப்பு) மறந்தால் 'நோ சூட்டபிள் டிரைவர்' என்று கத்தும், எல்லோரும் ஒருமுறை பட்டதுதான். வினை அதற்கப்புறம். வெறுமனே டேபிளைப் படி என்றால் எவ்வளவு பெரிய கிளஸ்டரானாலும் (கணினிக் கூட்டம்) ஒரே இணைப்பு, ஒரே டாஸ்க். பந்தியில் ஒருவர் மட்டும் ஓடி ஓடிப் பரிமாற, மீதி இருபது பேர் கைகட்டி நிற்கிற மாதிரி.

சரி, பிரித்துப் படிக்கலாம் என்றால் நான்கு விஷயம் கொடுக்க வேண்டும்: பிரிக்கும் நெடுவரிசை, லோயர்பவுண்ட் (கீழ் எல்லை), அப்பர்பவுண்ட் (மேல் எல்லை), எத்தனை பார்ட்டிஷன், அதாவது துண்டு. இந்த அப்பர்பவுண்ட்தான் என் தீராத எரிச்சல். பெயரைப் பார்த்தால் அதற்கு மேல் உள்ளதைப் படிக்காது என்று தோன்றும். அப்படியில்லை. துண்டின் அளவைக் கணக்குப் போட மட்டும்தான் அந்த எண். எல்லைக்கு மேல் உள்ள மொத்தமும் கடைசித் துண்டில் விழும். கீழ் எல்லைக்குக் கீழே உள்ளதும், 'நல்' என்கிற மதிப்பே இல்லாத வரிசைகளும் முதல் துண்டில்.

இப்படிப் படிக்கும் ஜாபை எழுதியபோது ஆர்டர் டேபிளில் ஐடி 1 கோடியைத் தொட்டிருந்தது. அதையே அப்பர்பவுண்டில் என் கையால் அடித்தேன், 10 பார்ட்டிஷன். இப்போது டேபிளில் 4 கோடி. அன்று ராத்திரி ஸ்பார்க் யூஐயில் (ஜாப் ஓடுவதைக் காட்டும் திரை) ஒன்பது டாஸ்க் மளமளவென்று முடிந்தன, தலா 10 லட்சம். பத்தாவதன் தலையில் 3 கோடியே 10 லட்சம். ஃபெட்ச்சைஸும் (ஒரு நடைக்கு எத்தனை ரெக்கார்டு என்பது) கொடுக்கவில்லை, அப்போது போஸ்ட்கிரெஸ் டிரைவர் மொத்தத்தையும் மெமரியில் இழுத்து வைத்துக்கொள்ளும். (ஆரக்கிள் டிரைவர் நேர் எதிர், இயல்பாக ஒரு நடைக்கு 10 ரெக்கார்டுதான் தூக்கும்.) அந்த டாஸ்க்கை ஓட்டிய எக்ஸிகியூட்டர் மெமரி போதாமல் செத்தது. நான்கு முறை முயன்று பார்த்துவிட்டு ஜாப் படுத்துக்கொண்டது. மணி இரண்டே கால்.

நியாயமாகப் பேசினால், வடிகட்ட இல்லை, பிரிக்க மட்டும்தான் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. படித்தும் இருக்கிறேன். மாதக்கணக்கில் ஜாப் மெதுவாகிக்கொண்டே வந்ததைக் கவனிக்காததும் நான்தான். இருந்தாலும் அந்தப் பெயரை மன்னிக்க மனசு வரவில்லை.

இப்போது ஓடுவதற்கு முன் ஒரு குட்டி க்வெரி மினிமம், மேக்ஸிமம் ஐடியை எடுத்துக் கொடுக்கிறது, ஃபெட்ச்சைஸ் 10,000. ஏழு நிமிடத்தில் முடிகிறது. இன்னும் வேகம் வேண்டுமென்று பார்ட்டிஷனை 100 ஆக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிப்பதே 100 இணைப்புதான், ஆப் பயன்படுத்துகிறவர்கள் வெளியே நிற்க வேண்டியிருக்கும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: தேதியை வைத்து ஃபில்டர் போட்டால் அது டேட்டாபேஸுக்கே போய், தேவையானது மட்டும் வருகிறது. ஸ்பார்க் தன் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளெயினில் 'புஷ்ட்ஃபில்டர்ஸ்' வரியில் அந்தத் தேதியைப் பார்க்கும்போது இன்றைக்கும் ஒரு சந்தோஷம்.

நேற்று நண்பனைக் கூப்பிட்டு, "மாட்டு, ஆனா ரீட் ரெப்ளிகாவுல, அந்தப் படிக்க மட்டுமான நகல்ல மாட்டு" என்றேன்.

"அன்னிக்கு வேணாம்னியேடா?"

"அன்னிக்கு நான் தூங்கலடா."