எம்.எஸ்சி. மாணவரின் ஒரே கோடை: எந்த ஆய்வுத் திட்டம் யாருக்குப் பொருந்தும்?

இரண்டாண்டு எம்.எஸ்சி. படிப்பில் பருவங்கள் நான்கு. ஆனால் இடையில் வரும் கோடை ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் பருவத் தேர்வு முடிந்து மூன்றாம் பருவ வகுப்புகள் தொடங்கும் வரையிலான அந்த மே, ஜூன் மாதங்களில் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி, பின்னாளில் பிஎச்.டி. நேர்காணலுக்குப் போகும் பலருக்கும் தவறாமல் வருகிறது. கல்லூரி ஆசிரியன் என்ற முறையில் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருபவன் நான். எந்த நிறுவனத்தின் பெயர் பெரியது என்று பார்த்தே பெரும்பாலான மாணவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். அங்கே காலை முதல் மாலை வரை என்ன வேலை இருக்கும், அந்த வேலையை யார் தினமும் பார்த்துத் திருத்துவார்கள் என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுவிட்டுத்தான் தேர்வு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கேள்விகளை வைத்தே இங்குள்ள முக்கியமான வாய்ப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நாடு முழுவதும் பரவலாக அறியப்பட்டது, மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்திவரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம். 1934-இல் சர் சி.வி. ராமன் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் (Indian Academy of Sciences), புதுதில்லியில் உள்ள இந்திய தேசிய அறிவியல் கழகம், அலகாபாத்தில் (இன்றைய பிரயாக்ராஜில்) உள்ள தேசிய அறிவியல் கழகம் ஆகியவையே அம்மூன்றும். தேர்வு பெறும் மாணவரை, அவருடைய துறையைச் சார்ந்த ஓர் ஆய்வாளரிடம் இரண்டு மாத காலத்துக்கு அனுப்பி வைப்பார்கள். அந்த ஆய்வாளர் ஐ.ஐ.டி.யிலோ, மத்தியப் பல்கலைக்கழகத்திலோ, சி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வகம் ஒன்றிலோ இருக்கலாம். மாத உதவித்தொகையும் போய்வரும் ரயில் கட்டணமும் உண்டு. கல்லூரி ஆசிரியர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத, மிகவும் பயனுள்ள ஒரு செய்தி.

இத்திட்டத்தின் பெரிய பலம், இதற்கென்று தனி நுழைவுத் தேர்வு இல்லாததுதான். மதிப்பெண், ஆசிரியரின் பரிந்துரை, மாணவர் தாமே எழுதித் தரும் சிறு குறிப்பு ஆகியவற்றைப் பார்த்தே தேர்வு நடக்கிறது. ஆகவே, திருவாரூரிலோ தருமபுரியிலோ ஓர் அரசுக் கல்லூரியில் படிக்கும் மாணவிக்கும் இங்கே உண்மையான வாய்ப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பில்தான் நம் மாணவர்கள் கோட்டை விடுகிறார்கள். “எனக்குச் சிறு வயது முதலே அறிவியலில் ஆர்வம் அதிகம்” என்று தொடங்கும் குறிப்பைப் படிப்பவருக்கு, எழுதியவரைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. அதற்குப் பதிலாக, “முதல் பருவ ஆய்வகத்தில் ஹால் விளைவுச் சோதனை செய்தபோது, காந்தப்புலமே இல்லாத நிலையிலும் மின்னழுத்தமானி சிறிதளவு காட்டியது, முனைகள் நேரெதிராக அமையாததால் அது வருகிறது என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன், குறைகடத்திகளின் அளவீடுகளில் இத்தகைய பிழைகளை எப்படி நீக்குகிறார்கள் என்று கற்க விரும்புகிறேன்” என்று எழுதிய மாணவரை எந்த ஆய்வாளரும் தம் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ள விரும்புவார். எழுதியவர் சோதனையைக் கண்ணால் பார்த்துச் செய்தவர் என்பதை அந்த ஒரு வாக்கியமே காட்டிவிடுகிறது.

இத்திட்டத்தின் குறையும் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. எல்லாம் வழிகாட்டி ஒருவரையே பொறுத்தது. நல்ல ஆய்வகத்தில், பிஎச்.டி. மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்து, முதல் வாரத்திலேயே கருவியில் கை வைக்க விடுவார்கள். வேதியியலில் என்றால், ஒரு சேர்மத்தைத் தயாரித்து, குரோமடோகிராஃபி மூலம் பிரித்தெடுத்து, சேர்மம் தூய்மையானதா என்று காட்டும் டி.எல்.சி. தகட்டில் ஒரே புள்ளி தெரியும் வரை விடாமல் முயன்று, பிறகு மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவிக்கு முன்பதிவு செய்து காத்திருந்து, கிடைத்த நிறமாலையைத் தானே படித்துப் பார்ப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். பொருள் சிறியதாக இருந்தாலும், ஓர் ஆய்வின் தொடக்கம் முதல் முடிவு வரை மாணவர் பார்த்துவிடுகிறார். வழிகாட்டி வெளிநாட்டுப் பயணத்தில் இருக்கும் ஆய்வகத்திலோ, மாணவர் கட்டுரைகளை அச்செடுத்துப் படித்துக்கொண்டே கோடையைக் கழிக்க நேரிடும். இடம் உறுதியானதும் வழிகாட்டிக்கு ஒரு மெயில் அனுப்பி, மே, ஜூன் மாதங்களில் ஊரில் இருப்பாரா, எதைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று கேட்டுவிடுவது நல்லது. அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. எந்த ஆய்வாளரும் அதை வரவேற்கவே செய்வார்.

அடுத்தது, மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வருகை மாணவர் ஆய்வுத் திட்டம். இது ஒரு நிறுவனம் தன் வளாகத்துக்குள்ளும் தன் மையங்களிலும் நடத்துவது. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், கணினி அறிவியல், வானியல் என்று துறைவாரியாக மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கால அளவு துறைக்குத் துறை மாறும். அறிவியல் கழகங்களின் திட்டத்தில் மாணவர் பெரும்பாலும் தனியாகவே ஓர் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்கிறார். இங்கோ ஒரே துறையைச் சேர்ந்த பலர் ஒன்றாக வந்து தங்குகிறார்கள், பொது விரிவுரைகள் நடக்கின்றன, இரவு உணவு மேசையில்கூடப் பாடமே பேசுகிறார்கள். சில துறைகளில், கோடையில் சிறப்பாகப் பணியாற்றியவர்களைப் பிஎச்.டி. சேர்க்கைக்காக அங்கேயே பரிசீலிக்கும் வழக்கமும் இருக்கிறது. போட்டியும் அதற்கேற்பக் கடுமையானது.

வானியலில் நாட்டமுள்ள மாணவருக்கு, இதே நிறுவனத்தைச் சேர்ந்த, புணேயிலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தை நான் முதலில் சொல்வேன். புணேக்கு வடக்கே ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் அம்மையம் இயக்கும் ஜி.எம்.ஆர்.டி. வானொலித் தொலைநோக்கியில், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம் கொண்ட 30 கிண்ண ஆன்டெனாக்கள் இருக்கின்றன. அவற்றில் 14 ஒரே இடத்தில் நெருக்கமாகவும், மீதி 16 மூன்று கைகளாகப் பிரிந்து 25 கி.மீ. வரை பரவியும் நிற்கின்றன. இங்கே தரவோடு வேலை செய்யும் மாணவர், விண்மீன் மண்டலத்தின் படம் முதல் நாளே திரையில் வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மனிதர்கள் எழுப்பும் வானொலி இரைச்சல் எந்த ஆன்டெனாவில், எந்த அலைவரிசையில், எந்த நிமிடத்தில் புகுந்திருக்கிறது என்று தேடித் தேடி நீக்குவதே முதல் வேலை. பிறகு, ஒளிர்வு நன்கு தெரிந்த ஒரு வானொலி மூலத்தை வைத்துத் தரவை அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். அதற்கும் பிறகுதான் படம். சலிப்பூட்டும் வேலைபோலத் தோன்றும் இதுதான் உண்மையான ஆய்வுப் பயிற்சி. கெட்ட தரவையும் நல்ல தரவையும் பிரித்தறியும் கண் ஒருமுறை வந்துவிட்டால், துறையே மாறினாலும் அது உடன் வரும்.

இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்குச் சென்னை அருகிலேயே இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், முதலாண்டு எம்.எஸ்சி. மாணவர்களுக்கு இவ்விரு துறைகளிலும் கோடைப் பயிற்சி நடத்திவருகிறது. வகுப்புகள், ஆய்வகங்களைப் பார்வையிடுதல், சிறு ஆய்வுத் திட்டம் ஆகிய மூன்றும் அதில் கலந்திருக்கும். எந்தப் பிரிவில் போவது என்று இன்னும் முடிவு செய்யாத மாணவருக்கு இது மிகப் பொருத்தம். முடிவு செய்துவிட்டவர், ஒரே ஆய்வகத்தில் முழு நேரமும் உட்காரக் கிடைக்கும் இடத்தையே தேட வேண்டும்.

கணிதத்துக்கு வரும்போது அளவுகோலையே மாற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்தில் எம்.எஸ்சி. மாணவர் ஒருவர் கணிதத்தில் புதிய முடிவு ஒன்றைக் கண்டுபிடிப்பது மிக அரிது. கோடை ஆய்வு என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் ஒரு நூலை அல்லது கட்டுரையை வழிகாட்டியோடு சேர்ந்து ஊன்றிப் படிப்பதுதான். இதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அடிப்படைகள் உறுதியாக இல்லாத மாணவர் அந்த வாசிப்பில் இறங்கினால், நிரூபணங்களைப் படியெடுத்துக்கொண்டு திரும்புவார். அத்தகைய மாணவருக்கு, 1993 முதல் நடந்துவரும் எம்.டி.டி.எஸ். எனப்படும் கணிதப் பயிற்சி, திறன் தேடல் திட்டம் ஆயிரம் மடங்கு மேல். பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கி வளர்த்த இத்திட்டத்தில், நான்கு வாரங்கள், மாணவரின் படிப்பு நிலைக்கேற்ப மூன்று நிலைகளில், இயற்கணிதம், மெய்யெண் பகுப்பாய்வு போன்ற அடிப்படைப் பாடங்களையே திரும்ப எடுக்கிறார்கள். எடுக்கும் விதம்தான் வேறு.

அத்தகைய வகுப்பு ஒன்றில் நடக்கும் உரையாடலைக் கற்பனை செய்து பாருங்கள். சீரான தொடர்ச்சியின் வரையறையை மாணவி பிழையில்லாமல் ஒப்பிக்கிறார்: மதிப்புகளின் வித்தியாசம் எப்சிலானுக்குள் இருக்க, புள்ளிகள் எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதைச் சொல்லும் டெல்டா, எல்லாப் புள்ளிகளுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆசிரியர் பாராட்டிவிட்டு நகர்வதில்லை. 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்களில், ஓர் எண்ணுக்கு அதன் தலைகீழியைத் தரும் சார்பு சீரான தொடர்ச்சி உடையதா என்று கேட்கிறார். “இல்லை சார்.” “ஏன்?” “டெல்டா, எப்சிலானைப் பொறுத்து மாறும் சார்.” “அது எல்லாத் தொடர்ச்சியான சார்புக்கும் பொருந்துமே அம்மா. வேறு எதைப் பொறுத்து மாறுகிறது?” மாணவி கரும்பலகைக்குப் போகிறார். 1/2, 1/3, 1/4 என்று எழுதுகிறார். அவற்றின் தலைகீழிகள் 2, 3, 4; அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசம் எப்போதும் 1. புள்ளிகளோ ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகின்றன. எவ்வளவு சிறிய டெல்டாவை எடுத்தாலும், அதைவிட நெருக்கமான இரண்டு புள்ளிகள் கிடைக்கும், மதிப்பு வித்தியாசம் மட்டும் குறையாது என்பதை அவரே சொல்லி முடிக்கிறார். நம் கல்லூரிகளில் எத்தனையோ மாணவர்கள் இந்த எடுத்துக்காட்டைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள். தாமே கண்டுபிடித்தவர்கள் மிகச் சிலர்தான்.

கோடையைப் பயிற்சி முகாமில் கழித்தால், ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தகுதித் தேர்வாகிய நெட் தேர்வுக்கு எப்போது படிப்பது என்று பெற்றோரும் மாணவரும் கேட்பது நியாயமான கேள்வி. சி.எஸ்.ஐ.ஆர். நெட் கணிதத் தாளின் மொத்த மதிப்பெண் 200. அதில் 95 மதிப்பெண் மூன்றாம் பகுதிக்கு உரியது. அப்பகுதியில் கேள்வி ஒன்றுக்கு 4.75 மதிப்பெண், ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம், சரியானவை அனைத்தையும் குறித்தால்தான் மதிப்பெண். ஒவ்வொரு கூற்றையும் நிரூபிக்கவோ எதிர்எடுத்துக்காட்டால் உடைக்கவோ தெரியாதவருக்குச் சூத்திரக் கையேடுகள் இங்கே உதவுவதில்லை. மேலே சொன்ன கரும்பலகைப் பயிற்சிதான் இங்கே நேரடியாகக் கைகொடுக்கிறது.

அடிப்படைகளில் தேறியவர், தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம் போன்ற இடங்களில் வாசிப்புத் திட்டத்துக்கு முயலலாம். அப்போதும், வாரம் ஒருமுறையாவது வழிகாட்டியின் முன் கரும்பலகையில் நின்று நிரூபணம் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். பேசிக் காட்டாத கணிதம் மனத்தில் தங்குவதில்லை.

எந்தத் திட்டமும் கிடைக்காதவருக்கு, ஆய்வாளருக்கு நேரடியாக எழுதிக் கேட்கும் வழி திறந்தே இருக்கிறது. ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் பதில் வராது. ஒருவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் புரிந்ததையும் புரியாததையும் நான்கு வரியில் எழுதினால் பெரும்பாலும் பதில் வரும். இவ்வழியில் உதவித்தொகை கிடைப்பது அரிது. தங்குமிடம், சாப்பாடு இரண்டும் நம் செலவு. ஆகையால், வெளியூர் போக வசதியில்லாத மாணவர், பேருந்தில் தினமும் போய்வரும் தூரத்தில் உள்ள பல்கலைக்கழகத் துறையை முதலில் நாடுவதே நல்லது. கட்டணம் வாங்கிக்கொண்டு பதினைந்து நாளில் ஆய்வுச் சான்றிதழ் தருவதாகச் சொல்லும் தனியார் பயிற்சிகளை மட்டும் அடியோடு தவிர்த்துவிடுங்கள். ஏழைக் குடும்பங்கள் கடன் வாங்கி இதற்குப் பணம் கட்டுவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. நேர்காணலில் இரண்டு கேள்வி கேட்டால் அந்தச் சான்றிதழ் நிற்காது.

ஆக, ஆய்வகம் சார்ந்த இயற்பியல், வேதியியல், உயிரியல் மாணவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அறிவியல் கழகங்களின் திட்டத்தை. மதிப்பெண்ணும் துறைத் தெளிவும் உள்ளவர் கூடவே டாடா நிறுவனத்துக்கும் விண்ணப்பிக்கட்டும். கணித மாணவரில் பெரும்பாலோருக்கு எம்.டி.டி.எஸ். முதலிடம், வாசிப்புத் திட்டம் அதற்கடுத்தது. பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளில், விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா என்பதை விசாரித்துச் சொன்னால் பாதித் தயக்கம் போய்விடும். அதை விசாரித்துச் சொல்லும் பொறுப்பை ஆசிரியர்களாகிய நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாள்கணக்கிலும் கவனம் வேண்டும். அறிவியல் கழகங்களின் விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் வாக்கிலும், டாடா நிறுவனத்துடையது ஜனவரி வாக்கிலும் முடிந்துவிடும். எம்.எஸ்சி.யில் சேர்ந்து முதல் பருவத் தேர்வு எழுதுவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும் என்பது இதன் பொருள். பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் செய்முறைத் தேர்வு மே மாதம் வரை நீள்வதுண்டு; சேரும் தேதியைச் சில நாள் தள்ளித் தர முடியுமா என்று இடம் கிடைத்த உடனேயே கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் போகும்போது, குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக, உங்கள் மதிப்பெண் பட்டியலையும், எழுதிய குறிப்பையும், நீங்கள் ஆய்வகத்தில் செய்த ஒரு சோதனையின் பதிவேட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அப்போதுதான் அவரால் உங்களைப் பற்றி எழுத முடியும்.